சீல் வைத்த சனிக்கிழமை

எங்கள் கார் எங்கே நின்றுவிட்டுப் போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் தெரியும். கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் நாங்கள் காரை நிறுத்தினால் கடைக்காரர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து அடியில் போடுவார்கள். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் எங்களைத் தூரத்தில் கண்டதுமே இரண்டு கையையும் வீசி ரோட்டைக் காட்டுவார். என் வீட்டுக்காரர் அதையெல்லாம் தனக்குக் கிடைக்கிற மரியாதையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு இறங்குவார். ஆயில் ஒழுகுகிறதே என்று கேட்டால், ஒழுகினால்தானே உள்ளே ஆயில் இருக்கிறது என்று அர்த்தம் என்பார். இந்த மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

அந்த ஒழுகலால் ஒரு குடும்பச் சண்டையே வந்தது. கீரமங்கலத்தில் இவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், புது வீடு கட்டிக் குடிபோனாள். போர்ட்டிகோவில் தயிர் நிறத்தில் டைல்ஸ் போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த எல்லோரும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தார்கள். இவர் நேராகக் காரைக் கொண்டுபோய் அதன் நடுவில் நிறுத்தினார். பந்தி முடிந்து வந்து பார்த்தால் தோசைக்கல் அகலத்துக்குக் கறை. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கக் கறை பெரிதாகிக்கொண்டே போனது.

நாத்தனார் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், இந்த ஓட்டைக் காரை வாங்கச் சொல்லி எங்கண்ணனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கார் ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம், வாய் ஒழுகினால் என்ன செய்வது என்று நானும் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அத்தோடு எங்கள் பேச்சு நின்றது. ஒன்றரை வருஷம். விசேஷ வீடுகளில் அவள் முதல் பந்தி என்றால் நான் இரண்டாம் பந்தி. நடுவில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அவள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். பத்திரிகை கொடுக்க நாத்தனார் வரவில்லை, அவள் வீட்டுக்காரரை மட்டும் அனுப்பியிருந்தாள். அவர் வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டி வைத்திருக்கிறார். வாயைப் பிடுங்கினால்தான் வார்த்தை வரும். காபியைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எல்லாரும் வந்துருங்க மச்சான். காரு மட்டும் வெளிய தெருவுல நிக்கட்டும்னு சொன்னா.”

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கும்போது வாசலில் ஆரத்தி எடுத்து, வண்டியை உள்ளே விட்டு, அப்புறம்தான் மற்ற காரியம். வண்டியைத் தெருவில் நிறுத்தச் சொன்னால் ஆளையே தெருவில் நிறுத்தின மாதிரி. அன்று சாயங்காலம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாத காரை அந்த டைல்ஸ் மேல் நிறுத்த வேண்டும். முடியவில்லையென்றால் பஸ்ஸில் போய் மடியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிப்பதில்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர். எனக்கு அவள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், இந்த மனிதர் தங்கை இல்லாமல் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மெக்கானிக் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றுவிட்டார். உடனே என் வீட்டுக்காரர், நானே வீட்டில் வைத்துப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார். இவர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் பல்பு மாட்டினால் ஃபேன் நின்றுபோகும்.

சீல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்டுகள் வெளியே தலை நீட்டுகிற இடத்தில் ஆயில் கசியாமலிருக்க வளையல் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் மாட்டியிருக்கும். அது தேய்ந்துபோனால் ஒழுகும். அதற்குப் பெயர் சீல். ஆனால் எங்கள் ஊரில் சீல் என்றால் ஆபீஸில் பேப்பர் மேல் குத்துவது. சீல் வைப்பது என்றால் கடன் கட்டாத வீட்டை ஆபீசர்கள் வந்து பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போவது. ரப்பர் வளையமும் சீல்தான் என்பது காரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் புதுக்கோட்டையில் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டில் கேட் பக்கத்தில் நின்றால்தான் டவர் கிடைக்கும். போன் இல்லாமலேயே புதுக்கோட்டைக்குக் கேட்கிற மாதிரிதான் அவர் பேசுவார்.

“ஆமாங்க, நாளைக்குக் காலையில சீல் வச்சே ஆகணும், வேற வழியில்ல. ரெண்டு சீலுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இங்கன வீட்டுல வச்சுத்தான். இத்தன நாளும் சமாளிச்சுட்டேன், இனிமே தாங்காது.”

எங்களுடையது மாடி வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போன் முடிகிறவரைக்கும் அதே செடிக்கே விட்டார். அந்தச் செடி அழுகிப்போனது வேறு கதை. அந்த அக்காவின் கூடப்பிறந்த தங்கையைக் கீரமங்கலத்தில் என் நாத்தனார் தெருவில்தான் கொடுத்திருக்கிறது. இங்கிருந்து கிளம்பும்போது வெறும் சீலாக இருந்த சேதி, கீரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது அதில் தாசில்தாரும் ஜீப்பும் இரண்டு போலீஸ்காரர்களும் ஏறியிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் காலை எங்களுக்கு இது எதுவும் தெரியாது. இவர் பஸ்ஸில் போய் சீலை வாங்கிவந்து, காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். போனில் ஓடிய வீடியோவில் ஒருவர் இந்தியில் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. பேச்சு புரியாவிட்டால் என்ன, கை புரிகிறதே என்றார். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அடையாளம் வைக்க என் நெயில் பாலிஷ் போனது. நான் பத்திரமாக வைத்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பாரோடு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வெங்காயம் உரித்திருப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிடுங்கள், இனிமேல் எப்போது அடுப்புப் பற்றவைப்பீர்களோ என்றார். இந்த வேலையில் எனக்குச் சமைக்க நேரமிருக்காது என்று கரிசனமாகச் சொல்கிறார் போல என்று வாங்கிக்கொண்டேன். ரெண்டு மணி நேர வேலைதான் அக்கா என்றேன். அவ்வளவு நேரம்தான் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். வீடியோ எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து ஆமாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து ஒரு பெரிய போல்ட்டு. கீழ் சீலை மறைத்துக்கொண்டு பெல்ட் ஓடுகிற சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்திருக்கிற போல்ட்டு அது. ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டோடு சேர்ந்து இன்ஜினே சுற்றியது. அதற்கு இந்திக்காரர் வழி காட்டினார். காரை அஞ்சாவது கியரில் போட்டு, ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்தர் நான். இவர் ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புப் பைப்பைச் சொருகி, கார்ச் சக்கரத்தைக் கழற்றின பொந்துக்குள் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டு, கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்கப் படுத்தார். நான் காலை எடுத்தால் பைப் எகிறித் தன் தாடை போய்விடும் என்று உள்ளேயிருந்து மிரட்டினார். நானும் ஊன்றிய காலை எடுக்கவில்லை. இவர் இழுக்கிறார், முக்குகிறார், போல்ட்டு அசையவே இல்லை.

அப்போதுதான் லோடு வண்டி வந்து கேட்டில் நின்றது. என் நாத்தனார் இறங்கினாள். தலைகூட வாரவில்லை. சேலையை இடுப்பில் தூக்கிச் சொருகியிருந்தாள். காருக்குள் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள், பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் போனார்.

முதலில் சாமி படங்கள் வந்தன. மார்போடு அணைத்துக்கொண்டு வந்து வண்டியில் வைத்தாள். அடுத்து மிக்ஸி. அடுத்து என் பாத்திரங்கள் எல்லாம் ஒரு மூட்டையாக, பெட்ஷீட்டில் கட்டி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்ததில், தாய்மாமன் சீரை இவளே முன்கூட்டி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று தோன்றியது. வயிறு எரிந்தது. ஆனால் பிரேக்கை விட்டு இறங்க முடியாது, இவர் தாடை போய்விடும். வாயைத் திறந்து கேட்கலாம், ஆனால் நான் ஏன் முதலில் பேச வேண்டும்? ஒன்றரை வருஷம் கட்டிக்காத்த மௌனம். இவளிடம் என் மிக்ஸிக்காக அதை விடுவேனா?

அதனால் ஹாரன் அடித்தேன்.

அவள் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் ஒரு ஹாரன் அடித்தேன். டிவி வந்தது, நீளமாக ஒன்று அடித்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் உள்ளே படுத்திருந்த இவர் திடுக்கிட்டுத் தலையை இடித்துக்கொண்டு கத்தினார். அவருக்கு ஹாரன் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. பீரோவை அவள் வீட்டுக்காரர் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தபோது நான் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம், சீக்கிரம் ஏத்துங்க, அவங்க வாரதுக்குள்ள ஏத்தச் சொல்லித்தான் ஹாரன் அடிக்கிறாங்க என்றாள்.

அந்தக் குரல் இவர் காதில் விழுந்துவிட்டது. சக்கரப் பொந்து வழியாகப் பார்த்தால் அவருக்குத் தெரிவது கணுக்கால்கள் மட்டும்தான். அது போதும் அவருக்கு.

“பாப்பா? வந்துட்டியா ஆத்தா?” என்றார் உள்ளேயிருந்து.

பூமிக்கடியிலிருந்து வருகிற மாதிரி இருந்த அந்தக் குரலைக் கேட்டு அவள் திரும்பினாள். அதுவரைக்கும் அவள் காரின் அந்தப் பக்கம் வரவேயில்லை. இப்போதுதான் பார்க்கிறாள். காருக்கடியில் அண்ணனின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டிரைவர் சீட்டில் அண்ணி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எதையோ காலால் மிதித்துக்கொண்டிருக்கிறாள். கடன் தொல்லையில் அண்ணன் போய்க் காருக்கடியில் படுத்துவிட்டான், அண்ணி அதை முடித்துவைக்கப் போகிறாள் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? என் முகம் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

“அண்ணி, கால எடுத்துருங்க. ஒங்களக் கும்புடுறேன். எங்கண்ணன ஒண்ணும் பண்ணிறாதீங்க.”

அவள்தான் முதலில் பேசினாள் என்பதை நான் அந்த நிலையிலும் கவனித்துக்கொண்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் நிதானமாகப் பதில் சொன்னேன்.

“கால எடுத்தாத்தான் அவருக்கு ஆபத்து.”

இதைக் கேட்டதும் அவள் அலறிக்கொண்டு பாய்ந்து அண்ணனின் இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். வாழைத்தார் தூக்கிப் பழகிய கை. உள்ளே இவர் பைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விடவில்லை. டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. இவர் பைப்பும் ஸ்பேனருமாகச் சர்ரென்று வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு மசி, அதற்கு நடுவில் பல் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“கழண்டுருச்சு,” என்றார்.

காலையிலிருந்து அசையாத போல்ட்டு என் நாத்தனார் இழுத்த இழுப்பில் கழன்றுவிட்டது. அவள் அண்ணன் தலையைத் தடவிப் பார்த்தாள், கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டாள். இவர் யார் என்றார். சீல் வைக்க வருகிறவர்கள் என்றாள். சீல் வைக்க வெளி ஆள் எதற்கு, நானே வைத்துக்கொள்வேன் என்றார் இவர் பெருமையாக. உன் வீட்டுக்கு நீயே சீல் வைப்பாயா என்று அவள் கேட்டாள். ஆமாம், மேல் சீல் சுலபம், கீழ் சீல்தான் இவ்வளவு நேரம் பாடாய்ப்படுத்தியது, பழைய சீலை முதலில் குத்திக் கிழித்து எடுக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் ஏற்கனவே ஒரு தடவை சீல் வைத்திருக்கிறார்களா என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இவர் திருதிருவென்று விழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்து, அந்த ரப்பர் வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இதான் பாப்பா சீலு. ஆயிலு ஒழுகாம இருக்கிறதுக்கு. ஒன் வீட்டு டைல்ஸுல நிறுத்தணும்னுதான்.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வண்டி மேல் எங்கள் பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் தலை மெல்ல இறங்கி மறைந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“ஒங்களுக்கு மாடி ஏறுனா முட்டி வலிக்குமேன்னு எங்க வீட்டுக் கீழ் ரூமுல கட்டிலப் போட்டு வச்சுட்டு வந்தேன் அண்ணி.”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அது அவளும் அவள் வீட்டுக்காரரும் படுக்கிற ரூம். ஒன்றரை வருஷமாக என் முகத்தில் விழிக்காதவள், என் முட்டி வலியை ஞாபகம் வைத்திருந்து தன் ரூமை ஒழித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதா என்று ரோஷமாக இருந்தது. டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடினேன். உள்ளே அடுப்பு இல்லை, வண்டியில் இருந்தது.

அப்புறம் அவள் போகவில்லை. புது சீலை அதன் குழிக்குள் கோணாமல் இறக்க, அதே அகலத்தில் உருளையாக ஒரு சாமான் வேண்டுமென்று இந்திக்காரர் காட்டினார். என் நாத்தனார் வண்டியில் ஏறி மூட்டையைப் பிரித்து என் பித்தளை முறுக்கு உரலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. என் அம்மா வீட்டு முறுக்கு உரலை அவள் பிடித்துக்கொள்ள, இவர் அதன் தலையில் சுத்தியலால் தட்டித் தட்டி இரண்டு சீலையும் இறக்கினார். நான் திட்டிக்கொண்டே டார்ச் அடித்தேன். முறுக்கு உரல் கொஞ்சம் நசுங்கிவிட்டது. தீபாவளிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அண்ணனும் தங்கையும் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டச் சொன்னார்கள். போன சாமான்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது அவள் தன் இஷ்டத்துக்கு வைத்துவிட்டுப் போனாள். மாவுச் சல்லடை இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இவர் காருக்கடியில் விரித்திருந்த பேப்பரை உருவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வெள்ளையாக இருந்தது. அதை சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார், சீர்த்தட்டோடு கீரமங்கலம் கிளம்பினோம்.

கேட்டை அவளே திறந்துவிட்டாள். ஆரத்தி எடுத்தாள். இவர் தெருவிலேயே நிறுத்துகிற மாதிரி ஒரு பாவனை செய்தார், அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டியை உள்ளே விடச்சொன்னாள். கறை பட்டதைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதித்திருந்த அந்தத் தயிர் நிற டைல்ஸ் மேல் கார் ஏறி நின்றது. மருமகன் மாமன் மடியில் உட்கார்ந்து, ஒரு காது குத்துவதற்குள் மாமன் மீசையில் பாதியைப் பிடுங்கிவிட்டான். மாமன் கண்ணிலும் தண்ணீர், மருமகன் கண்ணிலும் தண்ணீர். நானும் நாத்தனாரும் ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் என் இலைக்கு இரண்டாவது தடவை பாயசம் போடச் சொன்னாள்.

சாயங்காலம் கிளம்பினோம். இவர் காரை ரிவர்ஸ் எடுத்தார். நான் கேட் பக்கம் நின்று வரலாம் வரலாம் என்று கை காட்டினேன். கார் பின்னால் நகர நகர, அது நின்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நடு டைல்ஸில், ஒரு ரூபாய் அகலத்துக்கு, புத்தம் புதிதாக, கறுப்பாக. நாங்கள் மாற்றிய சீல் இரண்டும் இன்ஜினின் முன்பக்கம். இது வண்டி ஓடிச் சூடானதும் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வந்திருந்தது. அங்கேயும் ஒரு சீல் இருக்கிறதென்று நேற்றே அந்த இந்திக்காரர் கை நீட்டிக் காட்டியிருந்தார், இவர் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தால் நாத்தனாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் அவள் ஒரு எட்டு எடுத்துவைத்து, அந்தக் கறை மேல் வெறுங்காலை ஊன்றி, பட்டுச்சேலைக் கொசுவத்தை அதன் மேல் சரியவிட்டு நின்றுகொண்டாள்.

“போய்ட்டு வாங்க அண்ணி,” என்றாள். கேட்டுக்கு வரவில்லை. அங்கேயே நின்று கையசைத்தாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி தெருமுனை திரும்பியது. பாப்பா ஏன் கேட் வரைக்கும் வரவில்லை, இன்னும் மனசில் கோபம் இருக்கிறதா என்று இவர் கேட்டார். காலையிலிருந்து நின்றதில் கால் வலியாம், நகர முடியவில்லையாம் என்று சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும், டைல்ஸைப் பார்த்தாயா, ஒரு சொட்டாவது இருந்ததா என்று கேட்டார். இந்த மனிதர் செய்கிற எந்த வேலையிலும் நொட்டை சொல்லாமல் நான் விட்டதே கிடையாது.

“இல்லங்க,” என்றேன். “சுத்தமா இருந்துச்சு.”